கூகைக்கும் ஒரு கதை

குழந்தைகளுக்குக் கதை சொல்லுவது எளிய காரியம் என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். பாட்டி சொன்னதைத் தாய் சொல்லுவாள். தாய் சொன்னதைப் பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அரசியலைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிற அறிஞர்கள்கூட, முதலை குரங்கின் இதயத்தைக் கேட்ட கதையைப் பற்றி ஒரு வரி எழுத முன்வருவதில்லை. நமக்கோ வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு சமூகம் எந்த விலங்கை நல்லதென்றும் எதைக் கெட்டதென்றும் தன் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறதோ, அதைப் பொறுத்தே அந்த விலங்கின் ஆயுளும் அமைகிறது. இது மிகைக்கூற்று அன்று. தோட்டத்தில் நாம் கண்ணாரக் கண்டதொன்றைக் கொண்டே இதைச் சொல்லுகிறோம். அதைப் பின்னர் விவரிப்போம்.

நாம் பண்டிதரல்லோம்; செம்பனைத் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதும், குலைகளின் எடையைப் பதிவதும், உரத்துக்கும் மருந்துக்கும் விண்ணப்பம் எழுதி வைப்பதும் நமது உத்தியோகம். குடியிருப்பது பிறையில், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் தெற்கே போய்ப் பொழுது சாயத் திரும்புகிறோம். படித்தது ஆங்கில வழித் தனியார் பள்ளியில். தமிழை வீட்டிலும், பின்னர்ச் சொந்த முயற்சியிலும் கற்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிப்பது நமக்கு வழக்கமாகியிருக்கிறது. ஒரு காலத்தில் லயங்கள் முழுதும் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்தில் இன்று பத்துப் பன்னிரண்டே மிஞ்சியுள்ளன. ஆகவே நமது சபையில் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேர். இந்தோனேசியத் தொழிலாளரின் பிள்ளைகள் நால்வர். பாதித் தமிழும் பாதி மலாயுமாகக் கதை நடக்கும். புலியும் முதலையும் எந்தப் பாஷையிலும் புரிகின்றன.

இந்தச் சபைக்காகப் புத்தகம் தேடப் புகுந்தபோதுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. நம்மிடம் விலங்குக் கதைகள் மலைபோற் குவிந்துகிடக்கின்றன. ஆனால் அவற்றில் விலங்குகள் மிகக் குறைவு!

பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தாண்டவராய முதலியார் அதைத் தமிழ் உரைநடையாக்கித் தந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன; அந்நூல் அச்சேறியது 1826-ல். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த உபகாரம் சிறிதன்று. ஆனால் கரடகனும் தமனகனும் நரிகளா? அவர்கள் மந்திரிமார்கள். பிங்களகன் சிங்கமா? அவன் காது மெலிந்த ஓர் அரசன். கலகமூட்டுவதும் கைக்கூலி கொடுப்பதும் நட்பைப் பிரிப்பதுமாகிய அரண்மனைச் சமாசாரங்கள் யாவும் அங்கே நடைபெறுகின்றன. அந்த நரி எங்கே குட்டி போட்டது, கோடையில் எங்கே நீர் குடித்தது என்று கேட்டால் நூலில் விடையில்லை. அரசகுமாரர்களுக்கு நீதி புகட்ட எழுந்த நூலில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. நூலின் மேல் நமக்குக் குறையில்லை; அதைத் தவிர வேறொன்றும் வேண்டாமென்று இருநூறு ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டோமே, அதன் மேல்தான் குறை.

இத்தனைக்கும் விலங்கை விலங்காகக் காணும் கண் தமிழனுக்கு இல்லாததன்று. குறுந்தொகையின் 69-ஆம் பாட்டைப் படித்தவர் அறிவர். துணையை இழந்த மந்தி, மரமேறும் தொழிலை இன்னும் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையினின்று பாய்ந்து உயிர் விடுகிறதாம். மந்தி அப்படிச் செய்யுமோ செய்யாதோ, அது கவியின் துணிவு. ஆனால் குரங்குக் குட்டி பிறக்கும்போதே மரமேறத் தெரிந்து பிறப்பதில்லை, கற்றுக்கொள்ள நாட்கள் ஆகின்றன என்பதை அவன் பார்த்திருக்கிறான். காட்டோரத்தில் நெடுநேரம் நின்று பார்த்தவனுக்கன்றி இது தெரியாது. அந்தக் கண் பிற்காலத்தில் எங்கே போயிற்று?

நிற்க. நாம் வாழும் இந்நாட்டில் விலங்குக் கதை என்றால் சாங் காஞ்சில்தான். காஞ்சில் என்பது சருகுமான். குளம்புள்ள பிராணிகளில் மிகச் சிறியது. எடை இரண்டு கிலோவை ஒட்டியிருக்கும். இந்த அற்ப ஜந்துவைத்தான் மலாய்க் குடியானவன் தன் கதைக்குத் தலைவனாக்கினான். ஆற்றைக் கடக்க வேண்டும், அக்கரையில் பழம் பழுத்திருக்கிறது, நடுவே முதலைகள். சுலைமான் நபியின் கட்டளைப்படி உங்களை எண்ண வந்தேன் என்று சொல்லி, அவற்றை வரிசையாக நிறுத்தி, முதுகின் மேல் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறது காஞ்சில். குளவிக் கூட்டைச் சுலைமானின் மணி என்று புலியை அடிக்கச் செய்வதும், உறங்கும் மலைப்பாம்பைச் சுலைமானின் இடைக்கச்சை என்று கட்டிக்கொள்ளச் செய்வதும் அதே ரகம். இக்கதைகளில் பலவற்றைச் சேர்த்து ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1901-ல் கேம்பிரிட்ஜில் நூலாக்கினார். பரமேசுவரன் மலாக்காவை நிறுவியதற்குக்கூட, அவனுடைய வேட்டைநாயைச் சருகுமான் உதைத்துத் தள்ளியதே காரணம் என்கிறது ஐதிகம்.

இவையும் சூது வாதுக் கதைகளே. ஆனாலும் பஞ்சதந்திரத்தில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு, காடு உண்டு. ஆறும் சேறும் குளவியும் பழமரமும் கதையின் உறுப்புகளாகவே இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் கதை நடவாது. பரிதாபம் என்னவென்றால், நமது பிள்ளைகள் காஞ்சிலைக் கண்டதில்லை. காஞ்சில் என்றதும் ஒரு சிறுவன், “எங்கள் தாத்தாவிடம் ஒன்று இருந்தது, விற்றுவிட்டார்” என்றான். 1994 முதல் 2009 வரை இந்நாட்டில் செய்து விற்ற சிறிய மோட்டார் காரின் பெயரும் காஞ்சில் அல்லவா! அந்தக் காரைத்தான் அவன் சொன்னான்.

அன்றைய தினமே ஜாவாத் தொழிலாளி ஒருவரின் மகள், தன் ஊரில் வழங்கும் காஞ்சில் கதை வேறு என்று சொன்னாள். அங்கே காஞ்சில் வெள்ளரித் திருடன். குடியானவனின் தோட்டத்தில் புகுந்து வெள்ளரிக்காய் தின்கிறது. அவன் பிசின் பூசிய பொம்மையை நிறுத்திவைத்து அதைப் பிடித்துவிடுகிறான். காஞ்சிலோ அவன் வீட்டு நாயை ஏமாற்றிக் கூட்டிலிருந்து தப்பிவிடுகிறது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் நமது மேசையில் ‘பயிர்ச்சேதம்’ என்ற தலைப்பில் ஒரு பதிவேடு உண்டு. எலி இத்தனை, காட்டுப்பன்றி இத்தனை என்று அதில் எழுதுகிறவர் நாம். கதையில் திருடனின் பக்கம் நிற்கும் குழந்தை, பதிவேட்டில் எந்தப் பக்கம் நிற்கும்? அந்த வெள்ளரித் தோட்டம் வருமுன் அவ்விடத்தில் இருந்தது என்ன? அங்கே குடியிருந்தது யார்? கதை சொன்ன ஜாவாப் பாட்டன்மார் இதைக் கேட்டார்களோ என்னவோ. குழந்தைகள் எல்லாரும் காஞ்சில் தப்பியோட வேண்டுமென்று விரும்புவதைப் பார்த்தால், கேளாமலே விடை அறிந்தவர்கள் போலத் தோன்றுகிறது.

ஆங்கிலப் பள்ளி நமக்குத் தந்த கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிப்ளிங்கின் காட்டுப் புத்தகம் 1894-ல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஏகாதிபத்தியத்தின் கவி என்பதில் ஐயமில்லை. ஓநாய் வளர்த்த பிள்ளை கடைசியில் எல்லா மிருகங்களுக்கும் எசமானாவதும், பார்வைக்கு அஞ்சி அவை தலை கவிழ்வதும், வெள்ளைக்காரத் துரை காணும் சொப்பனம் அல்லாமல் வேறென்ன? ஆனால் அதே புத்தகத்தில், பலர் படிக்காமற் புரட்டிவிடும் கதை ஒன்று உண்டு. அது வெள்ளைக் கடல்நாயின் கதை. வடகடல் தீவொன்றில் மனிதர் வந்து இளங்கடல்நாய்களை ஆட்டுமந்தை போல ஓட்டிச் சென்று தோலுக்காகத் தடியால் அடித்துக் கொல்வதை ஒரு குட்டி காண்கிறது. தன் இனத்தாரோ, அது எப்போதும் நடப்பதுதானே என்று இருந்துவிடுகின்றனர். குட்டி மட்டும், மனிதன் கால் படாத கரை எங்கேனும் உண்டா என்று ஆண்டுக்கணக்காகக் கடல் முழுதும் தேடி அலைகிறது. சாகசக் கதை என்றால் இதுவன்றோ சாகசம்! வாளில்லை, புதையலில்லை, பிழைத்திருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவே. இக்கதை வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1911-ல், அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷியாவும் ஜப்பானும் கூடி, கடல்நாய் வேட்டையைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தன. கதையால் உடன்படிக்கை வந்தது என்று நாம் சொல்லவில்லை. நடக்கிற கொடுமையை நடக்கிறபோதே குழந்தைக்குச் சொல்லலாம் என்று கிப்ளிங் துணிந்தார் என்பதையே சொல்லுகிறோம்.

வியன்னாவில் பீலிக்ஸ் சால்டன் எழுதிய பாம்பி என்னும் மான்குட்டியின் கதை 1923-ல் நூலாயிற்று. அதில் வேட்டைக்காரனுக்குப் பெயரே கிடையாது; ‘அவன்’ என்றே விலங்குகள் அவனைச் சொல்லும். யூதர் எழுதிய அந்நூலை 1936-ல் நாஜிகள் தடைசெய்தனர். மான்குட்டியின் கதைக்குச் சர்வாதிகாரி அஞ்சினான் என்றால், குழந்தை இலக்கியத்தைக் குறைவாக எண்ணுவோர் சற்றே யோசிக்கட்டும். நம் இந்தியரிலும் தன் கோபால் முகர்ஜி என்னும் வங்காளியர், 1922-ல் காரி என்னும் யானையின் கதையையும் 1927-ல் ஒரு புறாவின் கதையையும் ஆங்கிலத்தில் எழுதினார். புறாக் கதைக்கு மறு ஆண்டே அமெரிக்காவின் நியூபெரி பரிசு கிடைத்தது. அவர் பெயரை நமது பள்ளியில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. கடல்நாயையும் ஓநாயையும் படித்த அந்நாட்களில், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே மரத்தில் வந்து உட்காரும் பறவைக்குப் பெயர் என்னவென்று கேட்கவும் எவருக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வழியில் நடந்தவர் இல்லாமலில்லை. சீர்திருத்த நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912 - 1996) காட்டுயிர்களைக் கூர்ந்து கண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். வாண்டுமாமா என்ற வி. கிருஷ்ணமூர்த்தி சிறுவருக்கு எழுதிக் குவித்தார். முதுமலையிலும் ஆனைமலையிலும் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒருவரின் பெயரும் வி. கிருஷ்ணமூர்த்தியே, அவரை வைத்து ஜெயமோகன் 2011-ல் எழுதிய ‘யானை டாக்டர்’ பெரியவர்களுக்கென எழுதிய கதை. குடிகாரர் காட்டில் உடைத்தெறியும் கண்ணாடிப் புட்டி யானையின் காலில் ஏறி என்ன செய்கிறது என்று அதில் வருகிறது. அந்தப் பகுதியை நமது சபையில் எளிய தமிழிற் சொன்னோம். அடுத்த வாரம் ஆயாக்கொட்டகை வாசலில் மூன்று மூட்டை உடைந்த புட்டிகள் இருந்தன. பெறுக்கச் சொன்னவர் எவருமில்லை.

இனி, பின்னர் விவரிப்போம் என்று மேலே சொன்ன விஷயத்துக்கு வருகிறோம்.

பிறை வட்டாரத்தின் நிலம் எத்தனையோ சட்டை மாற்றிக்கொண்ட நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரும்பு. அதற்கென்றே நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். பிறகு ரப்பர். பிறகு செம்பனை, 1917-ல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிபப் பயிராகத் தொடங்கிய அம்மரம் நாடெங்கும் பரவிற்று. பிறைப் பட்டணத்தருகே 1970-களில் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் கழிவு ஜூரு ஆற்றிற் கலந்து, குவாலா ஜூரு மீனவரின் வலைகள் வெறுமையாகித் திரும்பின. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அம்மக்களுக்காகக் குரலெழுப்பிற்று. 1985-ல் பாலம் வந்தது. இத்தனை மாற்றத்திலும் சில உயிர்கள் மனிதனை முந்திக்கொண்டு தமக்கு வழி கண்டன. அவற்றுள் தலையாயது கூகை.

இருதய வடிவான வெண்முகமும் பொன்னிற முதுகும் கொண்ட ஆந்தையினத்துப் பறவை இது. தீபகற்பத்தில் முன்னாளில் அரிதாயிருந்தது. செம்பனை பெருகப் பெருக அதன் கனியைத் தின்னும் எலி பெருகிற்று. எலி பெருகவே கூகையும் வந்து பெருகிற்று. இதைக் கண்ட தோட்ட நிருவாகங்கள் 1980-கள் முதல் கம்பங்களில் மரப்பெட்டிகளை மாட்டி அதற்குக் கூடு தந்தன. கும்மிருட்டிலும் காதாலேயே இரையின் இடத்தை அறியும். அதற்கென்று அதன் இரு காதுகளும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருக்கின்றன. இறகின் ஓரம் சீப்புப்போற் பிளந்திருப்பதால் பறக்கும்போது சத்தமில்லை. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்கின்றன. சம்பளமும் கேட்பதில்லை, செக்ரோலில் பெயரும் இல்லை. மலாயில் இதற்குப் புங்கோக் ஜெலாப்பாங் என்று பெயர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். களஞ்சியத்துக் காவற்காரன் என்று அறிந்துதான் பழைய மலாய்க்காரன் அப்பெயர் வைத்தான் போலும். ஆனால் பொதுவழக்கில் ஆந்தைகளுக்கெல்லாம் பூரோங் ஹந்து, அதாவது பேய்ப்பறவை, என்றே பெயர். நம்மவரோ சாவுக்குருவி என்றனர்.

தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் சிறுநீரக நோயால் ஓராண்டுக்கு மேல் கிடந்து காலமானார். லயத்துக்கு இருபது கஜ தூரத்தில் ஒரு கூகைப் பெட்டி இருந்தது. அந்த வாரம் அதில் குஞ்சுகள் இருந்தமையால் இரவெல்லாம் சீறலும் கீச்சிடலும் கேட்டன. குஞ்சு பசித்தால் அப்படித்தான். “மூன்று நாளாய்க் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொண்டுபோய்விட்டது” என்றார் ஒருவர். எடுப்பு முடிந்து திரும்பிய கையோடு நாலைந்து பேர் கம்பத்தைச் சாய்த்தார்கள். பெட்டி வடிகாலில் விழுந்து உடைந்தது. நான்கு குஞ்சுகள். அவற்றின் மேற் கல்லெறிந்தவர்களிற் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை நமது எதிரில் உட்காரும் பிள்ளைகள். நாம் போய்ச் சேர்ந்தபோது மூன்று செத்துக் கிடந்தன.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கேட்டோம், ஏன் அடித்தாய் என்று. அவன் பயப்படவுமில்லை, மழுப்பவுமில்லை. “அது கெட்ட பறவை. ராஜாவாகப் பார்த்தது. காக்கைதான் விடவில்லை. எங்கள் பாட்டி சொல்லியிருக்கிறார்” என்றான். பறவைகளெல்லாம் கூடி ஆந்தைக்கு முடிசூட்டப் புகுந்தபோது காக்கை தடுத்த பஞ்சதந்திரக் கதையே அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதை, கடல் கடந்து, கரும்பையும் ரப்பரையும் கடந்து, செம்பனைத் தோட்டத்து வடிகாலுக்கு வந்து சேர்ந்திருந்தது! மூடநம்பிக்கையைக் கண்டித்து மேடையில் ஆயிரம் பேசலாம். அந்தப் பையனுக்குக் கூகையைப் பற்றித் தெரிந்த கதை ஒன்றே ஒன்று. அதில் அது வில்லன். வேறொரு கதையை நாம் அவனுக்குக் கொடுக்காதவரை நமது கண்டனத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிஞ்சிய ஒரு குஞ்சை மற்றொரு பெட்டியிலிருந்த குஞ்சுகளோடு சேர்த்துவிட்டார் தோட்டத்து அதிகாரி ஒருவர். மூதாட்டியின் மகன் இதுபற்றி இன்றுவரை நம்மோடு பேசுவதில்லை. கோபமா வருத்தமா என்று நாமும் கேட்கவில்லை.

பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு பெட்டிகளின் அடிக்குப் போனோம். கூகை எலியை விழுங்கி, மயிரையும் எலும்பையும் கரிய உருண்டையாக்கிக் கக்கிவிடும். அவ்வுருண்டைகளைப் பொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, குச்சியாற் பிரித்தோம். ஒன்றில் இரண்டு மண்டையோடு, மற்றொன்றில் மூன்று. கல்லெறிந்த பையன் தாடையெலும்புகளைப் பழைய கணக்குத் தாளில் வரிசையாக ஒட்டி, எதிரே எண் போட்டான். அவனுக்குக் கிராணி வேலை வரும் போலிருக்கிறது.

சுற்றுச்சூழல் கதைகள் என்று இக்காலத்தில் அச்சாகிவருவனவற்றில் பலவற்றையும் வாங்கிப் பார்த்தோம். நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லுகிறோம்: பெரும்பாலானவை நகராண்மைக் கழக அறிக்கைகள். முயல் ஒன்று வரும். மரம் வெட்டுகிறவனைக் கண்டு அழும். இறுதியில் எல்லா மிருகங்களும் வட்டமாய் நின்று மரம் நடுவோம் என்று உறுதிமொழி எடுக்கும். முதற்பக்கத்திலேயே பிள்ளைகள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். மரம் வெட்டுகிறவன் எப்போதும் மீசை வைத்த துஷ்டன். உண்மையில் மரம் வெட்டுகிறவன் பிள்ளைக்குச் சோறு தேடுகிறவன். நமது பிள்ளைகளின் தகப்பன். அதைச் சொல்லாத கதை தோட்டத்துப் பிள்ளையிடம் பொய் சொல்லுகிற கதை.

நடந்ததையே சொல்லலாமே! பினாங்குத் தீவில் தெலுக் பாஹாங் சாலையைக் கடக்கையில் லோத்தோங் குரங்குகள் வண்டிகளில் அடிபட்டன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட கருங்குரங்கு இது. குட்டி மட்டும் பொன்னிறமாய்ப் பிறக்கும். 2019-ல் அங்கு ஆராய்ச்சி செய்த இளைஞர் கூட்டம், தீயணைப்புப் படையினர் கழித்த பழைய நீர்க்குழாய்களை முறுக்கிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டிற்று. குரங்குகள் அதில் ஏறிக் கடக்கப் பழகின. நெருப்பணைத்த குழாய் குரங்குக்குப் பாலமானதைக் காட்டிலும் விசித்திரமான கதையை எவன் கற்பனை செய்வான்? சிங்கப்பூரில் 1977 முதல் 1987 வரை பத்தாண்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1998-ல் நீர்நாய்கள் அத்தீவுக்குத் திரும்பி வந்தன. இன்று நகரத்தின் நடுவே குடும்பத்தோடு மீன் பிடிக்கின்றன. துக்கக் கதையும் உண்டு. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்தது. அதோடு மலேசியாவில் சுமத்திராக் காண்டாமிருகம் இல்லாமற் போயிற்று. இதைச் சொன்னபோது, “அப்புறம்?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. அப்புறம் இல்லை என்றோம். குழந்தைகள் அப்புறம் இல்லாத கதையைக் கேட்டதேயில்லை, வெகுநேரம் பேசாமலிருந்தார்கள்.

பிறகு கூகைக்கு ஒரு கதை கட்டத் தொடங்கினோம். பெண்கூகை ஒன்று, பெட்டியில் நான்கு குஞ்சு, மழைக்கால இரவு. மழையில் இரையின் அரவம் காதுக்கு எட்டாது, இறகும் நனையும். அது பட்டினியோடு நம்பர் வரிசைகளைத் தாண்டி, வடிகாலைத் தாண்டிப் போகிறது. அங்கே எலிகள் எண்ணற்றுக் கிடக்கின்றன; ஓடவும் மாட்டாமல் தள்ளாடுகின்றன. பிடிப்பதற்கு எளிது. ஏன் எளிது? அந்தப் பகுதியில் அவ்வாரம் எலிமருந்து வைத்திருக்கிறார்கள்.

இது கற்பனையன்று. பெட்டியும் வைப்போம், மருந்தும் வைப்போம் என்பது பல தோட்டங்களின் நடைமுறை. மருந்திலும் பேதம் உண்டு. பழைய வார்பரின் கூகையை அத்தனையாய்ப் பாதிப்பதில்லை. பின்னால் வந்த புரோடிபாக்கம் போன்றவையோ தின்ற எலியின் ஈரலில் நின்று, அவ்வெலியைத் தின்ற பறவையின் உடம்பில் இரத்தம் உறையாமற் செய்து கொன்றுவிடும். எலி தின்று சாகச் சில நாள் ஆகும். அந்நாட்களில்தான் அது தள்ளாடும். தள்ளாடுவதைத்தான் கூகை முதலிற் பிடிக்கும்.

இவ்விடத்தில் கதை நின்றுவிட்டது, பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். கூகை அந்த எலியைக் கூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று ஒரு கட்சி. அதற்கு எப்படித் தெரியும், கொண்டுதான் போகும் என்று மறு கட்சி. யாராவது அதனிடம் சொல்ல வேண்டும் என்றான் ஒருவன். யார் சொல்வது? காக்கை சொல்லட்டும் என்றாள் ஒருத்தி. காக்கைக்கும் கூகைக்கும் ஆகாதே என்றான் கல்லெறிந்த பையன். எலியே சொல்லட்டும் என்றதற்குப் பெருஞ்சிரிப்பு. விலங்குகள் மனிதரைப் போலப் பேசுவது நமது கதையில் இல்லை என்று முதலிலேயே விதித்துவிட்டோமாகையால் வழியொன்றும் அகப்படவில்லை.

ஜாவாக்காரர் மகள் ஒருத்தி, அதுவரை பேசாதிருந்தவள், நம்மைப் பார்த்து மலாயிற் கேட்டாள்: “மருந்துக்குத் தாள் எழுதுகிறவர் நீங்கள்தானே?”

ஆம், நாம்தான். என்ன மருந்து, எத்தனை பெட்டி என்று முடிவு செய்வது மானேஜர். தாளை எழுதிக் கையெழுத்துக்கு வைப்பது நாம். கிராணிக்கு அதிகாரமில்லை என்பதை அவளுக்கு விளக்கினோம். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்படியானால் கதையில் ஒரு கிராணி வரட்டும்” என்றாள்.

பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கிராணிக்கு என்ன பெயர் வைப்பது, அவர் வண்டியின் நிறம் என்ன, மழையில் அவர் எப்படிப் போவார் என்பதையெல்லாம் அரைமணி நேரத்தில் தீர்மானித்துவிட்டார்கள். அவர் மானேஜரிடம் என்ன சொல்லுவார் என்பதை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த காலாண்டின் மருந்துத் தாளை நாம் எழுதி வைக்க வேண்டியது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.